கோரையும் குருவியும்: விக்கன் முதல் பியெப்ஜா வரை

கோரைத் தண்டை இரு விரல்களுக்கு நடுவே வைத்து உருட்டினால் மூன்று விளிம்புகள் தட்டுப்படும். புல்லின் தண்டு உருண்டையாக, உள்ளே பொந்தாக, இடையிடையே கணு வைத்து வளரும். கோரைக்குக் கணு புடைப்பதில்லை. உள்ளே சோறு நிறைந்திருக்கும். இலைகள் மூன்று வரிசையாகக் கிளம்பும். இலையின் அடியுறை தண்டைக் குழாய்போல் முழுதாக மூடியிருக்கும். விதிவிலக்குகள் உண்டு என்றாலும் சைப்பரேசி குடும்பத்தைப் புல் குடும்பத்திலிருந்து பிரித்தறிய இந்த அடையாளங்கள் போதும். அக்குடும்பத்தில் ஏறக்குறைய 5,500 இனங்கள் உள்ளன. பத்தமடைப் பாய்க்கு ஆகும் கோரை, வயலில் களையாய் முளைத்து உழவரை அலைக்கழிக்கும் கோரைக்கிழங்கு, பழைய எகிப்தியர் எழுதுவதற்குத் தாளாக்கிய பாப்பிரஸ் எல்லாம் அதில் அடங்கும். குளிர்நாடுகளில் மிகுதியாக வளர்வது காரெக்ஸ் என்னும் பேரினம். அதில் மட்டும் 2,000 இனங்கள் அளவில் இருக்கின்றன.

ஐரோப்பாவின் சதுப்புகளில் நிலத்தையே உண்டாக்குவதில் கோரைக்குப் பெரும் பங்கு உண்டு. தண்ணீருக்கடியில் முழுதும் மட்காமல் படிந்த அதன் வேரும் இலையும் பல நூற்றாண்டுகளில் பீட் என்னும் கருமண்ணாகிறது. அங்கே கூடுகட்டும் சிறு பறவைகள் சிலவற்றுக்கு மக்கள் கோரையின் பெயரையே இட்டார்கள். ஆங்கிலேயர் கோரைக் கதிர்க்குருவி என்று ஒன்றைச் சொல்கிறார்கள். அதே குருவி ஜெர்மானியருக்கு நாணல் குருவி. கோரையின் பெயரை அவர்கள் அதன் நெருங்கிய உறவான நீர்க் கதிர்க்குருவிக்குக் கொடுத்திருக்கிறார்கள். வட அமெரிக்காவின் ஈரப் புல்வெளிகளில் கோரை ரென் என்று வேறொரு குடும்பத்துப் பறவை உண்டு. ஐரோப்பாவின் இரு குருவிகளையும் அவற்றின் நிலத்திலேயே பார்க்க விரும்புகிறவருக்கு வழி கிழக்கு இங்கிலாந்தில் தொடங்கிப் போலந்தின் வடகிழக்கு மூலைவரை செல்கிறது. மே மாதக் கடைசியும் ஜூன் மாதமும் ஏற்ற காலம்.

கேம்பிரிட்ஜிலிருந்து ஈலி நகரத்துக்குப் போகும் ரயிலின் இருபுறமும் நிலம் கண்ணுக்கெட்டிய வரை மேடு பள்ளமின்றிக் கிடக்கிறது. கரிய மண்ணில் கோதுமையும் பீட்ரூட் வகைச் சர்க்கரைக் கிழங்கும் விளைகின்றன. நானூறு ஆண்டுகளுக்கு முன் இந்தப் பரப்பின் பெரும்பகுதி கோரையும் நாணலும் மூடிய சதுப்பாக இருந்தது. 1630களில் பெட்போர்டு பிரபுவும் அவரோடு முதல் போட்ட பணக்காரர்களும் நெதர்லாந்துப் பொறியாளர் கொர்னேலியஸ் வெர்முய்டனை அமர்த்தி நீரை வடிக்கத் தொடங்கினார்கள். நீர் வடிந்ததும் பீட் சுருங்கியது. காற்றுப் பட்டதும் மட்கிக் கரைந்தது. நிலமட்டம் இறங்க இறங்க, வாய்க்கால்கள் வயலைவிட உயரத்தில் நின்றுபோயின. தண்ணீரை மேலே ஏற்றக் காற்றாலைகளும், பின்னர் நீராவி எந்திரங்களும் தேவைப்பட்டன. மேற்கே ஹோம் என்னும் சிற்றூரில், விட்டில்சி ஏரியை வடித்தபோது மண்ணின் இறக்கத்தை அளக்க ஓர் இரும்புத் தூணைப் புதைத்தார்கள். 1851இல் அதன் உச்சி தரைமட்டத்தில் இருந்தது. இன்று அது தரைக்கு மேல் சுமார் நான்கு மீட்டர் நீட்டிக்கொண்டு நிற்கிறது. இழந்த மண்ணின் அளவை இவ்வளவு வெளிப்படையாகக் காட்டும் சின்னம் வேறெங்கும் எளிதில் கிடைக்காது.

வடிக்கப்படாமல் தப்பிய துண்டுகளில் ஒன்று, ஈலிக்குத் தெற்கே உள்ள விக்கன் ஃபென். சுற்றியுள்ள வயல்கள் தாழ்ந்துவிட்டதால் இந்தச் சதுப்பு இன்று மேட்டில் இருக்கிறது. அதன் நீர் அக்கம்பக்கத்துக்குக் கசிந்துவிடாமல் கரை கட்டிக் காக்க வேண்டியிருக்கிறது. நீரை வெளியேற்றுவதற்கென்று கட்டிய ஒரு மரக் காற்றாலையைப் பக்கத்து நிலத்திலிருந்து பெயர்த்துக்கொண்டுவந்து, இப்போது சதுப்புக்குள் நீரை ஏற்றப் பயன்படுத்துகிறார்கள். 1899இல் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு இங்கே இரண்டு ஏக்கர் துண்டு நிலத்தைப் பத்துப் பவுண்டுக்கு வாங்கியது. அந்த அமைப்பின் முதல் இயற்கைக் காப்பகம் அதுதான். பூச்சி சேகரிப்பில் ஊறிய சார்லஸ் ராத்ஸ்சைல்டு சிறிது காலத்தில் மேலும் நிலம் வாங்கிக் கொடுத்தார். இதுவரை 9,000க்கும் மேற்பட்ட உயிரினங்கள் இங்கே பதிவாகியுள்ளன.

காப்பகத்தின் பழைய பகுதிக்குப் பெயரே கோரைச் சதுப்பு. பலகைப் பாதையில் நடக்கும்போது இருபுறமும் தெரியும் சாம்பல் பூத்த பச்சைத் தழை, கிளேடியம் மாரிஸ்கஸ் என்னும் அரக்கோரை. ஆள் உயரத்துக்கு மேல் எழுந்து, நுனி மடிந்து தொங்கும். இலையின் இரு ஓரங்களிலும் நடுநரம்பின் அடியிலும் நுண்ணிய பற்கள் வரிசையாக இருக்கின்றன. இலையின்மேல் கையை இழுத்துப் பார்த்தால் தோல் கிழியும். சுண்ணாம்புச் சத்துள்ள நீரில் செழிக்கும் இந்தக் கோரை குளிர்காலத்திலும் பச்சை மாறாது. நாணல் குளிர்காலத்தில் காய்ந்த பிறகு அறுக்கப்படுவது. கோரை கோடையில் பச்சையாக அறுக்கப்படுவது. இந்த வேறுபாட்டில் ஊராரின் கூரைத் தொழில் அடங்கியிருக்கிறது. காய்ந்த நாணல் விறைப்பானது, கூரையின் இரு சரிவுகளுக்கும் ஏற்றது. முகட்டின்மேல் போட்டு இருபக்கமும் மடிக்க அது உதவாது, முறிந்துவிடும். அங்கே வளைந்து கொடுக்கும் கோரைதான் வேண்டும். கிழக்கு இங்கிலாந்தின் வேய்ந்த வீடுகளில் சரிவு நாணலாகவும் முகடு கோரையாகவும் இருப்பதை இன்றும் காணலாம்.

விக்கனில் கோரை அறுத்ததற்கான எழுத்துப் பதிவு 1414 முதல் இருக்கிறது. அறுத்த கட்டுகள் லோடு எனப்படும் பழைய கால்வாய்கள் வழியாகப் படகில் கேம்பிரிட்ஜுக்குப் போயின. கூரைக்கு மிஞ்சியது கல்லூரிகளின் கணப்புகளில் தீ மூட்ட உதவியது. 1828 முதல் 1831 வரை அங்கே மாணவராக இருந்த சார்லஸ் டார்வினுக்கு வண்டு சேகரிப்பதில் வெறி. சதுப்பிலிருந்து நாணல் ஏற்றிவரும் படகுகளின் அடியில் தங்கும் குப்பையைப் பொறுக்கித் தரக் கூலிக்கு ஆள் வைத்ததையும், அதில் அரிய வண்டுகள் கிடைத்ததையும் தன் வரலாற்றில் அவரே எழுதியிருக்கிறார். ஒரு சதுப்பின் செல்வம் அதன் அறுவடையோடு சேர்ந்தே நகரத்துக்கு வந்திருக்கிறது.

இந்த அறுவடை சதுப்புக்கு என்ன செய்கிறது என்ற கேள்விக்கு விக்கனிலேயே விடை இருக்கிறது. தாவரவியலாளர் ஹாரி காட்வின் 1927இல் இங்கே சில பாத்திகளை அளந்து பிரித்தார். ஒன்றை ஆண்டுதோறும் அறுப்பது, அடுத்ததை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, பிறகு மூன்று, பிறகு நான்கு, கடைசியாக ஒன்றை அறுக்காமலேயே விடுவது என்பது ஏற்பாடு. ஆண்டுதோறும் அறுத்த பாத்தியில் அரக்கோரை நலிந்து, மொலினியா என்னும் ஊதாப் புல் அந்த இடத்தைப் பிடித்தது. நான்கு ஆண்டுக்கு ஒருமுறை அறுத்ததில் கோரை நிலைத்தது. கை வைக்காமல் விட்டது புதராகி மரக்காடாக மாறியது. காரணம் கோரையின் உடலமைப்பிலேயே இருக்கிறது. அதன் இலை ஒரு பருவத்தோடு உதிர்வதில்லை. ஆண்டு கடந்தும் உயிரோடு நின்று தூருக்கு உணவு சேர்க்கிறது. சேர்ப்பதற்குமுன் திரும்பத் திரும்ப வெட்டினால் தூர் இளைத்துப் போகும். வெட்டாமலே விட்டால் முள்மரங்களின் நிழல் அதைக் கொல்லும். நான்கு ஆண்டு இடைவெளி என்பது பழைய அறுவடைக்காரர்கள் தங்கள் அனுபவத்தில் கண்டுகொண்ட கணக்கு. காட்வின் அதன் காரணத்தை விளக்கினார். இயற்கையைக் காப்பது என்றால் வேலி போட்டுவிட்டு விலகி நிற்பது என்று எண்ணுகிறவர்கள் இந்தப் பாத்திகளைப் பார்க்க வேண்டும். விக்கனுக்கு வேலியோடு அரிவாளும் தேவைப்படுகிறது.

கோரைக் கதிர்க்குருவி ஏப்ரலில் ஆப்பிரிக்காவிலிருந்து இங்கே வந்து சேர்கிறது. எடை பத்துப் பன்னிரண்டு கிராம். நீளம் 13 சென்டிமீட்டர். முதுகில் கருங்கோடுகள், மங்கிய மஞ்சள் வயிறு, கண்ணுக்கு மேலே பளிச்சென்ற வெண்புருவம். உருவத்தைப் பார்ப்பதற்கு முன்பே குரல் கேட்டுவிடும். கரகரப்பும் சீழ்க்கையும் கிறீச்சிடலும் ஒன்றன்மேல் ஒன்றாக விரைந்து வரும். நடுநடுவே வேறு பறவைகளின் குரல்களும் கலக்கும். பாட்டு முற்றும்போது குருவி புதரின் உச்சியிலிருந்து நேராக மேலெழுந்து, சிறகை விரித்தபடி பாடிக்கொண்டே கீழே இறங்கும். பக்கத்தில் நாணலுக்குள் இருக்கும் நாணல் கதிர்க்குருவியின் பாட்டு ஒரே சீரானது, அவசரமில்லாதது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் வேறுபாடு உடனே விளங்கிவிடும்.

ஹாம்ப்ஷயரின் செல்போர்ன் ஊரில் வாழ்ந்த பாதிரியார் கில்பர்ட் வைட், 1789இல் வெளியான தம் நூலில் இந்தக் குருவியைப் பற்றி நுட்பமாக எழுதியிருக்கிறார். அது இரவிலும் பாடுவதையும், சிட்டுக்குருவி, தகைவிலான், வானம்பாடி ஆகியவற்றின் குரல்களை எடுத்துக் கையாள்வதையும் அவர் கவனித்தார். மௌனமாக இருக்கும்போது புதருக்குள் ஒரு மண்கட்டியை எறிந்தால் உடனே பாடத் தொடங்கும் என்றும் குறித்தார். அந்தப் பாட்டின் பயனை 1980இல் ஆய்வாளர் கிளைவ் கேட்ச்போல் காட்டினார். பாட்டில் எவ்வளவு வகை வகையான ஒலிகளைச் சேர்க்கிறதோ அவ்வளவு சீக்கிரம் ஆணுக்கு இணை கிடைக்கிறது. இணை சேர்ந்ததும் பாட்டு ஏறக்குறைய நின்றுவிடுகிறது. மே மாத இறுதியில் ஓயாமல் பாடிக்கொண்டிருக்கும் குருவி, பெரும்பாலும் இன்னும் துணை அமையாத ஆண்.

கூடு தரைக்குச் சற்று மேலே, அடர்ந்த தழைக்குள் மறைந்திருக்கும். பெண்ணே அதைக் கட்டுகிறது. பெரும்பாலும் ஐந்து முட்டை இடும். இரண்டு வாரத்தில் குஞ்சு பொரிக்கும். இங்கே ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும். பெயரில் கோரை இருந்தாலும் இந்தக் குருவி கோரையை மட்டுமே நம்பி வாழ்வதில்லை. நாணல், அலரி வகைப் புதர், காஞ்சொறி, வாய்க்கால் ஓரத்து முட்கொடி, சில இடங்களில் கடுகு வயல்கூட அதற்குப் போதும். பூச்சி நிறைந்த, ஈரமான, தாறுமாறாக வளர்ந்த தழைதான் அதன் தேவை. இந்த இணக்கமே அதைக் காப்பாற்றி வந்திருக்கிறது. தூய நாணலில் கூடுகட்டும் நாணல் கதிர்க்குருவி அந்த அளவு நெகிழ்வுள்ளதன்று. குயிலின் ஏமாற்றுக்கும் அதுவே பெரிதும் ஆளாகிறது. அந்தப் போராட்டத்தை இதே விக்கனில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் நிக் டேவிஸ் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆராய்ந்திருக்கிறார்.

கோடை முடிவில் இரு குருவிகளும் தெற்கே புறப்படுகின்றன, ஆனால் புறப்படும் விதம் வேறு. காலின் பிபியும் ரீஸ் கிரீனும் 1981இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாக்கியது. நாணல் கதிர்க்குருவி தங்கித் தங்கி, படிப்படியாகப் போகிறது. கோரைக் கதிர்க்குருவியோ தென் இங்கிலாந்திலும் பிரான்சின் கடற்கரையிலும் உள்ள நாணல் காடுகளில் இறங்கி அசுவினியைத் தின்று தீர்க்கிறது. குளிர்காலத்தைப் பிளம் மரத்தில் முட்டையாகக் கழித்துவிட்டு, கோடையில் நாணலுக்கு வரும் அசுவினி அது. சில வாரங்களில் குருவியின் எடை ஏறக்குறைய இரு மடங்காகிறது. கூடிய எடை முழுதும் கொழுப்பு. அதை எரித்துக்கொண்டே கடலையும் சகாராவையும் ஒரே பறப்பில் கடந்து, மூன்று நான்கு நாளில் மேற்கு ஆப்பிரிக்காவை அடைய அதனால் முடியும். கோரையின் பெயர்கொண்ட பறவையை வலசைக்கு ஆயத்தப்படுத்துவது நாணல்.

அக்கரையில் மழை பொய்த்தால் இக்கரையில் பாட்டு குறையும். 1960களின் கடைசியில், சகாராவுக்குத் தெற்கே உள்ள சாகேல் பகுதியில் வறட்சி தொடங்கியதும் பிரிட்டனில் இந்தக் குருவியின் எண்ணிக்கை சரிந்தது. காலில் வளையமிட்ட பறவைகளின் கணக்குகளை ஆராய்ந்தபோது, மேற்கு ஆப்பிரிக்காவில் மழை நன்றாகப் பெய்த ஆண்டுகளில் அதிகக் குருவிகள் உயிர்பிழைத்தது தெரிந்தது. இதே பேரினத்தைச் சேர்ந்த பிளைத் நாணல் கதிர்க்குருவி தமிழ்நாட்டுக்கும் இலங்கைக்கும் குளிர்காலத்தில் வருவது. தோட்டத்துப் புதர்களிலிருந்து அது எழுப்பும் ‘சக், சக்’ ஒலியைக் கேட்டவர்களுக்கு இந்தக் குடும்பம் அன்னியமாகத் தோன்றாது.

ஈலியிலிருந்து கிழக்கே நார்விச்சைக் கடந்தால் நார்ஃபோக் ப்ராட்ஸ் ஏரிகள். இவை இயற்கை ஏரிகள் என்றே நெடுங்காலம் நம்பப்பட்டது. இடைக்காலத்தில் எரிபொருளுக்காகப் பீட் வெட்டிய குழிகளில் நீர் புகுந்து உண்டானவை என்பதை ஜாய்ஸ் லாம்பர்ட் 1950களில் மண்ணைத் துளையிட்டு நிறுவினார். ஏரிக்கரையின் கோரைப் பரப்புகளில் இன்றும் கூரைக்கு அறுவடை நடக்கிறது. கோரைக்கிடையே முளைக்கும் பால்பார்ஸ்லி செடியில்தான் பிரிட்டனின் ஸ்வாலோடெயில் வண்ணத்துப்பூச்சி முட்டையிடுகிறது. விக்கனில் அந்த வண்ணத்துப்பூச்சி அற்றுப்போய்விட்டது. நாட்டிலேயே அதற்கு எஞ்சிய வீடு ப்ராட்ஸ்தான். கோரையை அறுத்து வெளிச்சம் விடுவதால்தான் அந்தச் செடிக்கு இடம் கிடைக்கிறது.

நீர்க் கதிர்க்குருவியை இங்கே தேடிப் பயனில்லை. ஆகஸ்டில் தென்கரையோரம் வழிப்போக்கராகச் சில வரும், அவ்வளவுதான். அதன் வீட்டுக்குப் போக வார்சாவிலிருந்து பியாவிஸ்டாக் நகரத்துக்கும், அங்கிருந்து எவுக் செல்லும் ரயிலில் ஒசோவியெட்ஸுக்கும் போக வேண்டும். அங்கேதான் 1993இல் அமைந்த பியெப்ஜா தேசியப் பூங்காவின் தலைமையிடம். 592 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அது போலந்தின் மிகப் பெரிய தேசியப் பூங்கா. ஜார் ஆட்சிக் காலத்தில் கோட்டைகளை இணைக்கப் போட்ட சாலை ஒன்று சதுப்பின் ஓரமாக நீள்கிறது. அதிலிருந்து துவுகா லூகா என்னும் இடத்தில் ஒரு பலகைப் பாதை கோரைக்குள் இறங்குகிறது.

விக்கனில் கண்ட ஆளுயர அரக்கோரை இங்கே இல்லை. முழங்கால் முதல் இடுப்பு வரை உயரமான காரெக்ஸ் தூர்கள், தூர்களுக்கிடையே விரற்கடை ஆழத்தில் தெளிந்த நீர், அடிவானம் வரை இதே காட்சி. தொலைவில் எல்க் மான் ஒன்று மேய்ந்துகொண்டிருக்கலாம். நீர்க் கதிர்க்குருவிக்கு வேண்டியது மிகக் குறுகிய அளவுக்குள் அடங்கிய நிலம். தண்ணீர் சில சென்டிமீட்டர் ஏறினால் கூடு மூழ்கும். வற்றினால் பூச்சி குறையும், நரி உள்ளே வரும். தழை உயர்ந்து நாணலானாலும் புதரானாலும் குருவி இடத்தைவிட்டுப் போய்விடும். கோரையின் பெயருக்கு முழு உரிமை இந்தக் குருவிக்குத்தான். ஜெர்மானியர் சரியாகவே பெயரிட்டார்கள். மஞ்சள் சாயல், முதுகில் இரு வெளிர்கோடுகள், உச்சந்தலை நடுவே ஒரு வெளிர்கோடு. சூரியன் மறையும் வேளையில் ஆண்கள் தூரின் உச்சிக்கு ஏறி, ஒரு வறண்ட ‘ட்ர்ர்ர்’ ஒலியையும் சில சீழ்க்கைகளையும் மாறி மாறி எழுப்பும். கோரைக் கதிர்க்குருவியின் பாட்டுக்கு முன் இது மிக எளிமையானது.

இதன் குடும்ப வாழ்வும் வேறு. ஆணும் பெண்ணும் சோடியாக வாழ்வதில்லை. ஒரே கூட்டிலுள்ள குஞ்சுகளுக்குப் பல தந்தையர் இருப்பது வழக்கம். புணர்ச்சி இருபது நிமிடத்துக்கு மேல் நீள்கிறது; இந்த அளவுப் பறவைகளில் இது மிக அரிது. கூடு கட்டுவது, அடைகாப்பது, இரை ஊட்டுவது எல்லாம் பெண்ணின் பாடு. ஒற்றைத் தாயால் குஞ்சுகளை வளர்க்க முடிவதற்குக் காரணம், கோரைச் சதுப்பில் சிலந்தியும் பூச்சியும் குவிந்து கிடப்பதே. நிலத்தின் வளம் குறைந்தால் இந்த ஏற்பாடு முழுதும் குலையும். அப்படித்தான் குலைந்தது: 20ஆம் நூற்றாண்டில் மேற்கு ஐரோப்பாவின் சதுப்புகள் வடிக்கப்பட, பிரான்சிலும் பெல்ஜியத்திலும் நெதர்லாந்திலும் இந்தக் குருவி இனப்பெருக்கம் செய்வது அற்றுப்போனது. இன்று பாடும் ஆண்களின் மொத்த எண்ணிக்கை பத்தாயிரத்தைச் சற்றே தாண்டும். அவற்றில் பெரும்பாலானவை பெலாரூஸ், போலந்து, உக்ரைன் ஆகிய மூன்று நாடுகளில் இருக்கின்றன.

பியெப்ஜாவில் நீர் வடிப்பு முழுதாக நடக்கவில்லை. ஆனாலும் இங்கே வேறொரு இடர் வந்தது. ஊரார் தலைமுறை தலைமுறையாக நீள் அரிவாளால் கோரையை அறுத்து, நடுவே கம்பு நட்டுப் போராக அடுக்கிவைப்பார்கள். குளிர்காலத்தில் சதுப்பு உறைந்ததும் சறுக்குவண்டியில் ஏற்றி மாட்டுக்குக் கொண்டுபோவார்கள். 1970களுக்குப் பிறகு அந்தக் கடும் உழைப்புக்கு ஆள் இல்லை. அறுக்காத இடங்களில் நாணலும் அலரியும் பிர்ச் மரமும் ஏறின. போலந்துப் பறவைப் பாதுகாப்புச் சங்கம் ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியோடு 2005இல் ஒரு திட்டம் தொடங்கியது. சறுக்கு விளையாட்டுச் சரிவுகளில் பனியைச் சமன்படுத்தும் எந்திரங்களை, அகலமான பட்டைகளோடு, ஈர நிலத்தில் அமிழாமல் புல் வெட்டும்படி மாற்றி அமைத்தார்கள். குஞ்சுகள் பறந்த பிறகே வெட்ட வேண்டும்; எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் வெட்டக் கூடாது; வெட்டியதை அள்ளி வெளியேற்ற வேண்டும் என்பவை விதிகள். அள்ளிய கோரை உருண்டைகளாக அழுத்தப்பட்டு எரிபொருளாகிறது. எந்திரம் செல்லும் தடத்தில் தூர்கள் நசுங்குவது உண்மைதான். ஆயினும் அறுவடையே இல்லாமல் போனால் இழப்பு அதனினும் பெரிது. கையால் அறுக்கும் கலை மறையாமலிருக்க, பியெப்ஜாவில் நீள் அரிவாள் அறுப்புப் போட்டியும் நடத்துகிறார்கள்.

இந்தக் குருவி குளிர்காலத்தை எங்கே கழிக்கிறது என்பது நெடுங்காலம் புதிராக இருந்தது. 2007இல் ஆய்வுக் குழு ஒன்று செனகல் நாட்டின் ஜூஜ் தேசியப் பூங்காவில் அதைக் கண்டது. அங்கேயும் அது தேர்ந்தெடுத்திருந்தது நீர் தேங்கிய, கோரை வகைகளும் புல்லும் கலந்த தாழ்வெளியைத்தான். செனகல் ஆற்றின் நீரைப் பாசனத்துக்குத் திருப்பும் முடிவுகள் பியெப்ஜாவின் ஜூன் மாதத்தையும் தொடும். இந்த ஒரு பறவைக்காக வலசை உயிரினங்களுக்கான உலக உடன்படிக்கையின்கீழ் 2003இலேயே தனி ஒப்பந்தம் கையெழுத்தாகியிருக்கிறது.

பியெப்ஜாவிலிருந்து வடக்கே லிதுவேனிய எல்லையைத் தாண்டினால் ஷுவின்டாஸ் காப்பகம். அங்கே கோரை நிலத்தைச் சீர்செய்தும் குருவி மிகக் குறைந்துபோயிருந்தது. 2018 கோடையில் பெலாரூஸின் ஸ்வானியெட்ஸ் சதுப்பிலிருந்து 50 குஞ்சுகளைக் கொண்டுவந்து, கையால் இரை கொடுத்து வளர்த்தார்கள். 49 குஞ்சுகள் சிறகு முற்றிப் பறந்தன. ஆப்பிரிக்காவுக்குப் போய்வரும் வழியை அவற்றுக்கு யாரும் காட்டவில்லை. அடுத்த கோடையில் அவற்றுள் 11 குருவிகள் ஷுவின்டாஸுக்குத் திரும்பி வந்தன.